வண்டி இன்னும் தயாராகவில்லை

ஜூன் 9, திங்கள்

என் மகன் ராஜாவின் காருக்குப் போட்டிருந்த உறையை இன்று கழற்றினோம். நானும் மருமகள் செண்பகமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் உறை கிழிந்து, மடிப்பில் தேங்கிக் கிடந்த சாரல் தண்ணீர் முழுவதும் என் வேட்டியில் கொட்டியது. முன்வாசல் தகரக் கொட்டகைக்குள் இரண்டு வருடமாக நிற்கிற வண்டி. நான்கு டயரும் தரையோடு தரையாக அமுங்கிவிட்டன. பேட்டரியில் உயிர் இல்லை. கண்ணாடி ஓரமெல்லாம் பாசி.

செண்பகத்துக்கு அரசு வேலை வந்திருக்கிறது. கிருஷ்ணகிரி பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், ரத்தப் பரிசோதனைக்கூட வேலை. இங்கே தென்காசியில் தனியாரிடம் பார்க்கிற மாதிரி இல்லை, நிரந்தர வேலை. ஆகஸ்ட் முதல் தேதி போய்ச் சேர வேண்டுமாம். காலையில் தோசையைத் தட்டில் போட்டபடி சொன்னாள். சந்தோஷம் என்று சொன்னேன்.

"அவுக வண்டிய ரெடி பண்ணிக் குடுங்க மாமா. அங்கன எனக்கு ஆகும்" என்றாள்.

மெக்கானிக் யாரும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பஸ் டெப்போவில் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் ஒரு சின்ன பெட்ரோல் காருக்கு ஆள் தேடினால் சிரிப்பார்கள். டெப்போவில் வண்டி வாரியாக வேலைக் குறிப்பு எழுதிப் பழகிய கை இது. இந்த வண்டிக்கும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

பானட்டைத் திறந்தேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. தேங்காய் நார், பழைய துணி, செண்பகத்தின் வளையல் துண்டு ஒன்று. எலியைக் காணோம். ஒயர்களைக் கடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

ஜூன் 14, சனி

ஒயர் வேலை. கடிபட்ட இடங்களைச் சீவி, ஒன்றோடொன்று சேர்த்து ஈயம் வைத்து, டேப் சுற்றினேன். சிவப்பில் வெள்ளைக் கோடு எது, வெள்ளையில் சிவப்புக் கோடு எது என்று என் கண்ணாடிக்குத் தெரியவில்லை. செண்பகம் வேலைக்குப் போகும்முன் வந்து குனிந்து பார்த்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். அவள் சேலை முந்தியில் கிரீஸ் பட்டுவிட்டது. "பரவால்ல மாமா, அங்க போனா வெள்ளக் கோட்டுதானே போடணும்" என்றாள்.

ராத்திரிச் சாப்பாடு நன்றாக இருந்தது. இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினேன். ஏனோ என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலை எடுக்க வேண்டியிருந்தது. டெப்போவில் டீசலைக் குழாய் போட்டு வாயால் உறிஞ்சி இறக்கி எத்தனையோ தடவை பழக்கம். அந்த ஞாபகத்தில் இழுத்தேன். ஒரு வாய் உள்ளே போய்விட்டது. வார்னிஷ் மாதிரி நாற்றம். செண்பகம் முதலில் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பிறகு வந்து கத்தினாள்.

"உங்களுக்கு என்ன இருவது வயசா? பெட்ரோலு நெஞ்சுக்குள்ள எறங்குனா என்ன ஆவும்னு தெரியுமா?"

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டித்தான் விட்டாள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நாள் பூராவும் பெட்ரோல் ஏப்பம். பேச வாய் திறந்தாலே அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

பின்சக்கரம் இரண்டும் சுற்ற மறுக்கின்றன. ஹேண்ட்பிரேக் இழுத்தபடியே நின்றதால் உள்ளே துருப்பிடித்து, சக்கரத்துக்குள் இருக்கும் டிரம்மோடு பிரேக் கட்டை ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கு ஆபீஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ராஜாவை ஆட்டோவில்தான் கொண்டுபோனார்கள். கார் ஆபீஸ் வாசலிலேயே நின்றது. பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தி, கூட வேலை பார்த்த ஒருவர் ஓட்டிவந்து இங்கே நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, சாவியை என் கையில் தந்தார். மரியாதையான மனிதர். செய்ததில் தப்பில்லை. இரண்டு வருடம் நிற்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறப்போட்டிருக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

டிரம் வரவில்லை.

ஜூன் 25, புதன்

டிரம் வந்துவிட்டது. அதில் இருக்கிற இரண்டு ஓட்டையிலும் போல்ட் போட்டு, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சமாக மாற்றி மாற்றி முறுக்கி, சுற்றிலும் சுத்தியலால் தட்டினேன். வெடி வெடித்த மாதிரி சத்தத்தோடு கழன்றது. கூடவே ஸ்பிரிங் ஒன்று துள்ளி எங்கோ போய்விட்டது. மழையில் குனிந்து குனிந்து தேடினோம். கடைசியில் செம்பருத்தித் தொட்டிக்குள் கிடந்ததைச் செண்பகம் எடுத்தாள். கட்டைகள் நான்கும் புதிதாகப் போட வேண்டும்.

ஜாக்கி ஈர மண்ணில் இறங்குகிறது. அடியில் வைக்கப் பலகை இல்லாமல் அடுப்படியில் காய் நறுக்கும் பலகையை எடுத்துக்கொண்டேன். ராத்திரிக்குப் பொரியல் இல்லை, துவையல்.

ஜூலை 6, ஞாயிறு

புது பேட்டரி, புது பெட்ரோல். டயரும் பிரேக் கட்டையும் மாற்றியாயிற்று. சாவியைப் போட்டுச் சற்று நிறுத்தி, பம்ப் சத்தம் அடங்கியதும் திருப்பினேன். முதல் தடவை இருமல். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து வெள்ளைப் புகையோடு, சைலன்சருக்குள்ளும் எலி அடைத்து வைத்திருந்த நார் பறந்து வாசல் முழுக்க விழுந்தது. கொஞ்ச நேரத்தில் புகை நின்று, சத்தம் சீரானது. ராஜா இரவு ஏழரைக்கு வந்து நிறுத்தும்போது கேட்கிற அதே சத்தம்.

செண்பகம் ஈரக்கையோடு உள்ளேயிருந்து வந்தாள். பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். எஞ்சின் ஓடிய நேரம் முழுவதும் கையை எடுக்கவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"அப்ப முடிஞ்சுதா மாமா?"

"எங்க முடிஞ்சுது? இன்னும் எவ்வளவோ கெடக்கு."

சாயங்காலம் அவள் அட்டைப்பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

எஞ்சின் ஓட்டத்தில் லேசான விக்கல் இருப்பதாகப் பட்டது. செண்பகத்துக்குக் கேட்கவில்லையாம். பழகிய காதுக்குத்தான் கேட்கும். பிளக் மாற்றினேன். மூன்றாவது பிளக் போடும்போது கோணலாக ஏறி, எஞ்சினில் அது ஏறும் துளையின் மரை போய்விட்டது. கை ஈரமாக இருந்தது. இந்தச் சாரலில் எது காய்கிறது?

இனி லேத் பட்டறைக்காரரைக் கொண்டு புது மரை வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து செய்து தருகிறவருக்கு வேலை நெருக்கடியாம், அடுத்த வாரம்தான் வருவாராம். பரவாயில்லை, அவசரப்படுத்த வேண்டாம் என்று சொன்னேன்.

ஜூலை 9, புதன்

பிளக் வாங்க உதுமான் கடைக்குப் போனேன். என் காலத்திலிருந்தே டெப்போ ஆட்களுக்குப் பழக்கமான ஸ்பேர் பார்ட்ஸ் கடை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, எடுத்த பிளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, விரலால நாலு சுத்து சுத்தி ஏறுதான்னு பாத்துட்டுத்தான் ஸ்பேனரத் தொடணும்னு எங்க பயலுவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான. நீங்க போயி மரைய கழட்டிட்டேன்னு சொல்லுதீய?"

"வயசாவுதுல்லா" என்றேன்.

"ம்… வயசாவுது" என்றார். சில்லறையை எண்ணாமலே தந்தார்.

ஜூலை 15, செவ்வாய்

லேத்காரர் வந்தார். நல்ல வேலைக்காரர். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது.

ஜூலை 16, புதன்

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பெட்ரோல் வரவில்லை போல. பம்ப் சத்தமே இல்லை. காரணம் தெரியவில்லை. பகல் முழுவதும் பார்த்தேன்.

செண்பகம் வேலையிலிருந்து வந்ததும் குடையைக்கூட மடக்காமல், "என்னாச்சு மாமா?" என்றாள். சொன்னேன். "சரி, மெல்லப் பாருங்க" என்றாள். கோபப்படவில்லை.

ஜூலை 18, வெள்ளி

துவைக்க எடுத்த என் சட்டைப்பையில் இருந்ததாகச் சொல்லி, சதுரமாக, தீப்பெட்டியில் பாதி அளவு ஒரு கறுப்புச் சாமானைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். பெட்ரோல் பம்ப்புக்குக் கரண்ட் அனுப்பும் ரிலே. சோதிக்கும்போது கழற்றிப் பையில் போட்டு மறந்திருப்பேன்.

"இது வண்டிச் சாமானா மாமா?"

"ஆமா."

"நல்லவேள, தண்ணில முக்காமப் பாத்தேன்."

ரசம் ஊற்றினாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அப்பளம் இன்னொன்று வேண்டுமா என்றுதான் கேட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

செண்பகத்தின் அண்ணன் சுப்புராஜ் சங்கரன்கோவிலிலிருந்து வந்தார். கிருஷ்ணகிரியில் தங்கச்சிக்கு வீடு பார்த்தாயிற்றாம். ஒற்றை அறை, மாடி, தண்ணீர் வசதி உண்டு. சாமான்களை முன்கூட்டியே லாரி சர்வீஸில் போட்டுவிடலாம் என்றார். காப்பி குடித்துவிட்டு வாசலுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"வண்டி ரெடிதான மாமா? இல்லன்னா சொல்லுங்க, எங்கூர்ல ஒரு மெக்கானிக்கு இருக்கான். காலைல கூட்டியாந்தா மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவான்."

நான் வாயெடுக்கும்முன் செண்பகம் சொன்னாள்: "வேண்டாம்ண்ணே. பம்ப்புல கொஞ்சம் வேலை கெடக்கு. அது மாமாதான் பாக்கணும். வேற ஆளு கைவச்சா சரிவராது."

பம்ப்பில் ஒன்றுமில்லை. ரிலேயைப் போட்டதும் முந்தாநாளே வண்டி ஓடியது. அவளும் பக்கத்தில்தான் நின்றாள்.

சுப்புராஜ் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். நானும் அவளும் வாசலில் நின்றோம். மழை தூறியதால் அவள் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போய்விட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

நேற்று எஞ்சின் ஆயில் மாற்றினேன். அடியில் இருக்கிற போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை போலிருக்கிறது. காலையில் பார்த்தால் ஊற்றிய புது ஆயில் அத்தனையும் கொட்டகைத் தரையில். வழுக்கி விழப் பார்த்தேன். செண்பகம் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மர அறுவை மில்லில் போய் மரத்தூள் வாங்கிவந்தாள். இருவருமாகத் தூளைக் கொட்டி, துடைப்பத்தால் தேய்த்துத் தேய்த்து அள்ளினோம். அவள் துடைப்பத்தைப் பலமாகத் தேய்த்தாள்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. குற்றாலத்தில் நல்ல கூட்டமாம். நான் போகவில்லை. மகனுக்குத் தகப்பன் எள்ளும் தண்ணீரும் இறைப்பது எனக்குச் சரிப்படாது.

ஜூலை 26, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

சைலன்சரில் தகடு ஆடுகிற சத்தம் என்று நினைத்து அடியில் நுழைந்தேன். ராத்திரி பெய்த மழையில் தரை குழைந்து கிடந்தது. காய்ப்பலகையை எடுக்க அடுப்படிக்குப் போனால் செண்பகம் ஏதாவது கேட்பாள் என்று எடுக்காமலே ஜாக்கியை வைத்தேன். எத்தனை பேரை இதற்காக டெப்போவில் திட்டியிருக்கிறேன்! ஸ்டெப்னி டயரை மட்டும் பழக்க தோஷத்தில் பக்கத்தில் படுக்கப் போட்டிருந்தேன்.

ஜாக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து மண்ணுக்குள் போனது. வண்டி இறங்கி அந்த டயரின் மேல் உட்கார்ந்தது. அது இல்லையென்றால் இதை எழுத ஆள் இல்லை. என் இடது தோள் வண்டிக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அசைய முடியவில்லை. கூப்பிடக் கூச்சமாக இருந்தது. பிறகு கூப்பிட்டேன்.

செண்பகம் ஓடிவந்து சேற்றில் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப்பார்த்தாள்.

"மூச்சு விட முடியுதா மாமா?"

"முடியுது."

"அசையாதீய. பேசாம இருங்க."

என் காலைப் பிடித்து இழுக்கவில்லை. அங்குதான் பாதிப் பேர் தப்புச் செய்வார்கள். உள்ளே போய்ப் பலகையை எடுத்துவந்தாள். மற்ற சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தாள். ஜாக்கியைப் பிடுங்கி, பலகைமேல் நிறுத்தி, சரியான இடத்தில் வைத்துச் சுற்றினாள். எல்லாம் வரிசைப்படி. இந்த ஒன்றரை மாதம் பக்கத்தில் நின்று பார்த்தது வீண்போகவில்லை.

நான் ஊர்ந்து வெளியே வந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஜாக்கிக் கம்பியைச் செம்பருத்திப் பக்கம் வீசியெறிந்தாள்.

"இதுக்கா இந்த வேலைய உங்ககிட்ட குடுத்தேன்? மரைய கழட்டுனீய, சரி. ரிலேய பைக்குள்ள போட்டீய, சரின்னு இருந்தேன். ஆயில கொட்டுனீய, அள்ளுனேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா நெனச்சீய? வண்டி ஓடிருச்சுன்னா நான் போயிருவேன்னு… அதுக்கு அடில போயி படுத்துக் கெடப்பீயளா? அவுகள தூக்கிக் குடுத்த மாதிரி உங்களையும் நான் தூக்கிக் குடுக்கணுமா?"

தோள் வலிக்கிறது என்றேன். வெந்நீர் வைக்கப் போனாள். வைக்கப் போனவள் அடுப்படிப் படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொதித்து வற்றி, மறுபடி ஊற்ற வேண்டியிருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

எலும்பு முறிவு இல்லை. வெறும் வீக்கம்.

ஜூலை 28, திங்கள்

பெல்ட் தளர்வாக இருந்தது. இழுத்துக் கட்டினேன். அது தானாகத் தளரவில்லை. ஆயில் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முறுக்கி, புது ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, அடியில் காகிதம் விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

பிரேக்கில் காற்று எடுக்கும் வேலை மிச்சமிருந்தது. தனி ஆளால் முடியாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். என் இடது கை தூக்க வரவில்லை. வலது கையால் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டேன். செண்பகம் பெடலுக்கு வந்தாள். சீட்டில் உட்காராமல், கதவைத் திறந்து வைத்து, வெளியே நின்றபடி ஒரு காலை மட்டும் நீட்டி மிதித்தாள்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"பிடிச்சுக்கோ… விடாத… ம், இப்ப விடு."

நான்கு சக்கரத்துக்கும் இப்படியே. குழாயில் வருகிற குமிழ் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் எண்ணெய் மட்டும் வந்தது. "கெட்டியாயிருச்சு மாமா" என்றாள் கதவோரத்திலிருந்து. பெடலைத்தான் சொன்னாள்.

சனிக்கிழமை பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அவள் மத்தியானம் பொரியல் செய்தாள்.

ஜூலை 30, புதன்

தெருமுனை வரை ஓட்டிப்பார்க்கச் சொன்னேன். செண்பகத்திடம் லைசென்ஸ் உண்டு. ராஜாதான் வாங்கிக் கொடுத்தான். இன்சூரன்ஸும் அவளே போனில் புதுப்பித்துவிட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"வண்டி தயார்மா. இனி ஒரு கொறையும் கெடையாது. கிருஷ்ணகிரி வரைக்கும் மெல்லப் போ. மதுரைல ஒரு தடவ நிறுத்தி, தண்ணி பாத்துக்கோ. நான் வேணா சேலம் வரைக்கும் கூட வாரேன்."

அவள் முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான் அவ்வளவு தூரம் எங்க மாமா ஓட்டப்போறேன்? இந்தூர் கடத்தெருவுலயே எனக்கு ஓட்டத் தெரியாது. நாளைக்குச் சாயங்கால பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. ஆர்டர் வந்த அன்னைக்கே எடுத்துட்டேன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"அப்ப என்னத்துக்கு இத ரெடி பண்ணச் சொன்ன?"

"அவுக போன பெறவு நீங்க முன்வாசலுக்கே வரல மாமா. பின்கதவு வழியாத்தான் போக வர இருந்தீய. ரெண்டு வருசமா நான் போடுத சோத்தப் பெசஞ்சி பெசஞ்சி வச்சிட்டு எந்திரிச்சீய. நான் போயிட்டா அதுவும் இருக்காதேன்னு பயமாருந்துச்சு. கைக்கு ஒரு வேலை இருந்தா… அப்டின்னு நெனச்சேன். நீங்க அத வச்சே என்னப் புடிச்சுப் போடுவீயன்னு நெனைக்கல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

நான் ஸ்பேனர்களை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன்.

ஜூலை 31, வியாழன்

சாயங்காலம் ஆட்டோ கூப்பிடப் போனவளை நிறுத்தினேன். சாவியை எடுத்துக்கொண்டு வந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். இத்தனை நாளும் வெளியே நின்று, கையை மட்டும் உள்ளே விட்டுத்தான் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். சீட் வெகுதூரம் பின்னால் இருந்தது. என் கால் பெடலுக்கு எட்டவில்லை. ராஜா என்னைவிட உயரம்; அன்றைக்கு ஓட்டிவந்தவரும் சீட்டை நகர்த்தவில்லை போல. அடியில் இருக்கிற கம்பியைத் தூக்கிச் சீட்டை முன்னால் இழுத்தேன். சடக்கென்று சத்தம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செண்பகம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டி நன்றாகப் போனது. பிரேக் பிடித்தது. கியர் மாறுவது வெண்ணெய் மாதிரி. இடது தோள் மட்டும் கியருக்கு ஒவ்வொரு தடவையும் வலித்தது.

அவள் பெட்டியை ஏற்றிவிட்டு, பஸ்ஸைச் சுற்றி வந்து டயர்களைக் காலால் உதைத்துப் பார்த்தேன். பின்னால் உள்பக்க டயர் தேய்ந்திருக்கிறது, ஆனால் போய்ச் சேரும். டிரைவரிடம் நான் டெப்போக்காரன் என்று சொன்னேன். "பத்திரமா கொண்டுபோயிருதேன் சார்" என்றார்.

செண்பகம் ஜன்னலோர சீட். கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"மாமா, நீங்களும் எங்கூட வந்திருங்களேன். ஒத்த ரூம்புதான். இருந்தாலும் இருந்துக்கிடலாம்."

"பாப்போம்" என்றேன். "வீட்ட யாரு பாக்குறது?"

"ம்" என்றாள்.

இன்னொரு தடவை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. கேட்கவில்லை. பஸ் பின்னால் எடுத்து, வளைந்து, வெளியே போனது. முதல் கியர், இரண்டாவது கியர் மாறும் சத்தம் வரை கேட்டேன்.

திரும்பி வரும்போது நல்ல சாரல். வைப்பர் வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையில் போன் வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டாள். வேலையிலும் சேர்ந்தாயிற்று. எல்லோரும் நன்றாகப் பேசுகிறார்களாம், குடிதண்ணீர்தான் உப்பாம்.

"சாப்டீயளா மாமா?"

"சாப்டேன்."

"என்ன சாப்டீய?"

"இட்லி" என்றேன். கடையில் வாங்க நினைத்திருந்தேன். போகவில்லை.

"பொய் சொல்லாதீய" என்றாள். பின்னால் யாரோ சிஸ்டர் என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. வைக்கிறேன் மாமா என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் பானட்டைத் திறந்தேன். ஆயில் அளவு சரி. தண்ணீர் சரி. பேட்டரி முனையில் உப்புப் பூக்கவில்லை. பெல்ட் இறுக்கம் சரி. நான்கு டயரிலும் காற்று இருக்கிறது. சாவியைத் திருப்பினேன், உடனே ஸ்டார்ட் ஆனது. சற்று நேரம் ஓடவிட்டுக் கேட்டேன். ஒரு விக்கல் இல்லை. அணைத்தேன்.

வண்டியில் பார்க்க வேண்டிய வேலை எதுவும் மிச்சமில்லை.